பவளப்பாறையில் யார் எதைத் தின்கிறார்கள்? – கடிதம்

வணக்கம்,

பெரம்பூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பவளப்பாறை வீடியோ போட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் "கலர் கலரா இருந்துச்சு மிஸ்" என்பதோடு சரி. உணவுச் சங்கிலியை எழுதிவிடுகிறார்கள், உணவு வலை என்றால் திணறுகிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அழைத்துப்போக வசதியில்லை. சென்னையில் இருந்தபடியே எப்படி நடத்துவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அழகைக் காட்டி ஆரம்பித்தால் பாடம் அழகோடு நின்றுவிடும். வாயைக் காட்டி ஆரம்பியுங்கள். அதற்குச் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் போதும். கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போனால் மீன்காரம்மாவே ஒரு களவா மீனின் வாயைத் திறந்து காட்டுவார். குகை மாதிரி அகலம், உள்பக்கம் சாய்ந்த சிறு பற்கள். இரையை அப்படியே உறிஞ்சி விழுங்குகிற வாய். கிளிமீன் கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அதன் பற்கள் ஒட்டிச்சேர்ந்து அலகாகவே ஆகிவிட்டிருக்கும். பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டும்போது சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போகும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு வரிசைப் பற்கள் அதை அரைக்க, மணலாக வெளியே வரும். பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு மீன் கழிவு என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம் பவளத்துக்கு வாருங்கள். அது விலங்கு, இரவில் உணர்கொம்புகளை நீட்டி மிதவை உயிரிகளைப் பிடிக்கும். ஆனால் அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து சாப்பாட்டில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. பவளத்தை உற்பத்தியாளர் கட்டத்தில் போடுவதா, நுகர்வோர் கட்டத்தில் போடுவதா? பிள்ளைகள் சண்டை போடட்டும். நீங்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளை ஆளுக்கொரு உயிரினமாக நிறுத்தி நூலைக் கையில் கொடுத்து, ஒருவர் விட்டால் எல்லாம் அறுந்தது என்று முடிக்கும் விளையாட்டு எனக்கு ஒப்பவில்லை. ஒன்று போனாலும் தாங்குவதுதான் வலையின் விசேஷம். ஜமைக்காவைச் சொல்லுங்கள். அங்கே பாசி தின்னும் மீன்களைப் பல காலமாகப் பிடித்துத் தீர்த்தார்கள். ஆனாலும் பாசி பெருகவில்லை, கறுப்பு நிறக் கடல் முள்ளெலிகள் (உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடல் உயிரிகள்) அதைத் தின்றுகொண்டிருந்தன. 1980இல் பெரும்புயல் பவளத்தை நொறுக்கியது. 1983–84இல் ஒரு நோய் கரீபியக் கடல் முழுக்கப் பரவி, அந்த முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்தன. பாசியைத் தின்ன ஆளில்லை. 1970களின் கடைசியில் பாறையில் பாதியளவு மூடியிருந்த உயிருள்ள பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

இதைப் பலகையில் வரையுங்கள். முதலில் மீனை அழியுங்கள், என்ன ஆகும் என்று கேளுங்கள். பிறகு முள்ளெலியை அழியுங்கள். பல்லுயிர்ப் பெருக்கம் எதற்கு என்ற கேள்விக்குப் பதிலை அவர்களே சொல்வார்கள்.

ஒன்று மட்டும் கவனம். அம்புக்குறி தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போகவேண்டும். நிறையப் பேர் தலைகீழாகத்தான் போடுவார்கள், அதற்குத் தேர்வில் மதிப்பெண் போகும்.