மூன்றாம் வானமும் மூன்று ராஜ்யங்களும்

அன்புள்ள ஐயா,

நான் நாசரேத் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பம். வேலைக்காக ஆறு வருடமாக யூட்டாவில் இருக்கிறேன். போன மாதம் ஊரில் அப்பா தவறிவிட்டார். பக்கத்து வீட்டு மார்மன் சபை அம்மா உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த ஒரு ட்ரேயோடு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "உங்கள் அப்பா நல்ல மனிதர், டெரஸ்டிரியல் ராஜ்யம் நிச்சயம்" என்றார். பரலோகம் மூன்று அடுக்காம், அது நடு அடுக்காம். பவுலே மூன்றாம் வானத்தைப் பற்றி எழுதியிருக்கிறாரே என்றும் கேட்டார். எங்கள் சபை ஐயர் இதைச் சொன்னதே இல்லை. எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பாவுக்கு என் அஞ்சலி.

பவுலின் வசனத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டாம் கொரிந்தியர் 12இல் நம் பைபிளில் 'மூன்றாம் வானம்' என்றுதான் இருக்கிறது. வானம், பரலோகம் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்; பாதிக் குழப்பம் அங்கே. மேகம் உலவும் வானம், நட்சத்திர வானம், அதற்கும் மேலே தேவன் இருக்குமிடம் என்பதுதான் வழக்கமான விளக்கம். பழைய யூத நூல்களில் ஏழு வானம்கூட உண்டு.

மார்மன்களுக்கு முக்கியம் அதுவல்ல. 1832 பிப்ரவரி 16 அன்று ஒஹாயோவின் ஹைரமில் ஒரு பண்ணைவீட்டில், மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தும் அவருடைய சகா சிட்னி ரிக்டனும் சேர்ந்து கண்டதாகச் சொன்ன தரிசனம். அதில் மேலிருந்து கீழாக மூன்று ராஜ்யங்கள்: சூரியனைப்போல் செலஸ்டியல், சந்திரனைப்போல் டெரஸ்டிரியல், நட்சத்திரம்போல் டெலஸ்டியல். முதல் இரண்டு சொல்லும் முதலாம் கொரிந்தியர் 15இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருப்பவை. மூன்றாவது பவுலிடம் கிடையாது. தமிழில் அவை 'வானத்துக்குரிய மேனி', 'பூமிக்குரிய மேனி'. உயிர்த்தெழும் உடல் எப்படி இருக்கும் என்பதற்குப் பவுல் சொன்ன உவமை அது. குடியிருப்புகளின் பட்டியலாக எனக்குப் படவில்லை.

அதற்காக, மற்ற கிறிஸ்தவர்களுக்குப் பரலோகத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1439இல் கத்தோலிக்கரின் ஃபிளாரன்ஸ் சங்கம், எல்லாரும் கடவுளைக் காண்பார்கள், ஆனால் அவரவர் புண்ணியத்துக்கேற்ப ஒருவர் இன்னொருவரைவிட நிறைவாகக் காண்பார் என்றே அறிவித்தது. பிரான்சின் கத்தோலிக்கப் புனிதை லிசியூ தெரேசம்மாளுக்கு சிறுவயதில் இதே சந்தேகம் வந்தது. அக்கா பொலின் அப்பாவின் பெரிய டம்ளரையும் தையல்காரர் விரலில் மாட்டும் குப்பியையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, "எது நிறைந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

இரண்டும் நிறைந்தவைதான்; குப்பிக்கும் டம்ளருக்கும் தண்ணீர் ஒன்றுதான். மார்மன் ஏற்பாட்டில் அப்படியில்லை. பிதாவின் சந்நிதி முழுமையாக இருப்பது செலஸ்டியலில் மட்டும். நடு அடுக்கில் குமாரனின் சந்நிதி உண்டு, பிதாவின் நிறைவு இல்லை. கீழ் அடுக்கில் பரிசுத்த ஆவியின் ஊழியம். அடுக்குகளுக்கு நடுவில் சுவர் இருக்கிறது. செலஸ்டியலின் உச்சிக்குப் போக, அவர்களுடைய ஆலயத்தில், நித்தியத்துக்கும் நிலைக்கும்படி முத்திரையிட்ட திருமணம் வேண்டும். நம் பைபிளிலோ 'உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை'. என்னைக் கேட்டால் பெரிய பிளவு இங்கேதான்; அடுக்கு மூன்றா முப்பதா என்பதில் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பொய்யருக்கும் விபசாரக்காரருக்கும்கூட, தண்டனை அனுபவித்தபின், அந்தக் கீழ் அடுக்கு கிடைக்கும். அதன் மகிமையே மனித அறிவுக்கு எட்டாதது என்கிறது அந்தத் தரிசனம். நித்திய நரகத்தில் மிஞ்சுபவர்கள் வெகு சிலர். இதை முதலில் கேட்டபோது, தான் வளர்ந்த நம்பிக்கைக்கு நேர் எதிராக இருந்ததாகப் ஜோசப்புக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங்கே பிற்பாடு சொன்னார்.

உங்கள் பக்கத்து வீட்டம்மா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். ஜோசப்பின் அண்ணன் ஆல்வின் 1823இல் ஞானஸ்நானம் பெறாமலே இறந்தவர். அடக்கத்தில் பிரசங்கித்த போதகர் அவர் நரகத்துக்குப் போனதுபோலவே பேசினார் என்று தம்பி வில்லியம் முதுமையில் நினைவுகூர்ந்தார். 1836இல் மார்மன்களின் கர்ட்லாந்து ஆலயத்தில் ஜோசப் இன்னொரு தரிசனம் கண்டார்: செலஸ்டியலில் தன் அப்பா, அம்மா, ஆல்வின். ஜோசப்பின் அப்பா அப்போது உயிரோடு, அதே அறையில் இருந்தார்! ஆல்வின் எப்படி அங்கே என்று ஜோசப்பே வியந்தாராம். இந்தச் சுவிசேஷத்தை அறியாமல் இறந்தவர்கள், அறிந்திருந்தால் ஏற்றிருப்பார்கள் என்றால், அவர்களுக்கும் அந்த இடம் உண்டு என்று பதில் வந்தது. ஆக அவர்கள் கணக்கிலேயே உங்கள் அப்பாவின் இடம் முடிவாகவில்லை.

ஆனால் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்பதில்லை. இறந்தவர் பேரில் இன்னொருவர் அவர்களுடைய ஆலயத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பார். கடைசி 110 வருடத்துக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும் என்பது சபை விதி. ஒருநாள் அந்த அம்மா உங்களிடம் கேட்கக்கூடும். சின்ன வயதில் அப்பாவுக்குக் கொடுத்த ஞானஸ்நானமே போதும் என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். ட்ரேயை மட்டும் வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.