கோடிக்கரைக்கு நாள் பார்ப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். போன வருடம் அரையாண்டு விடுமுறையில் பத்து வயது மகனையும் எழுபத்திரண்டு வயது அப்பச்சியையும் கூட்டிக்கொண்டு கோடிக்கரை போனோம். பூநாரை காட்டுகிறேன் என்று மகனுக்கு ஆசை காட்டியிருந்தேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. எங்கே பார்த்தாலும் தண்ணீர், தூரத்தில் ஏதோ வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். இந்த வருடமும் போகலாமா? பைனாகுலர் எது வாங்குவது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அரையாண்டு விடுமுறையில் வேண்டாம்.

இடம் சரியான இடம்தான். 1967இல் சரணாலயமானது, 2002இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. நீங்கள் நாள் பார்த்ததில்தான் கோளாறு. அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. "நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பறவைகள் அந்த மாதங்களில் வந்திருப்பது உண்மை. ஆனால் அதில் முதல் இரண்டு மாதமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம்.

வேதாரண்யத்துச் சதுப்பு நிலம் ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி. பரப்பு அதிகம், ஆழம் மிகக் குறைவு. நல்ல மழை பெய்து அது நிரம்பிவிட்டால் கரையோரப் பறவைகளுக்கு நிற்க இடமில்லை. கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 25 கிராம் அளவுதான். நம் வீட்டு வெள்ளைப் பணியாரம் ஒன்று அதைவிடக் கனமாக இருக்கும். ஆர்க்டிக் பகுதியிலிருந்து பறந்து வருகிற அந்தக் குருவிக்குக் கால் இரண்டு விரற்கடை உயரம். விரல் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீரும் அடியில் சேறும் இருந்தால்தான் அது தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி மேயும். பவளக்காலிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் தாங்கும். பூநாரைக்கு முழங்கால் ஆழம் சௌகரியம். அதுவும் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, கலங்கிய தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. ஆழம் கூடினால் நீந்தும், ஆனால் ஒரே இடத்தில் கூட்டமாக நிற்காது. சதுப்பு நிரம்பிக் கிடந்த நாளில் நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளிகள் அப்படிச் சிதறியவையாக இருக்கலாம்.

ஜனவரி பாதிக்குமேல் தண்ணீர் வற்றத் தொடங்கும். ஓரங்களில் சேறு தெரியும், புழுவும் சின்ன இறாலும் மிச்சத் தண்ணீரில் நெருக்கிக்கொண்டு வரும். பறவைகளுக்கு அதுதான் பந்தி. எனவே ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்குங்கள். மழை வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் நான் காலண்டரை மட்டும் நம்புவதில்லை. வேதாரண்யத்தில் தங்கும் விடுதிக்கு போன் போட்டு, "உப்பளத்தில் பாத்தி திருத்த ஆரம்பித்துவிட்டார்களா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் வனத்துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மழை, புயலுக்குப் பிறகு சில பாதைகளை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது தப்பு, பதினோரு மணி. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குத்தான் போய் நிற்பீர்கள். அந்த நேரத்தில் சேற்றுக்கு மேலே கானல் ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் பறவை நெளிந்துதான் தெரியும். முதல் நாள் சாயங்காலமே வேதாரண்யம் போய்த் தங்கிவிடுங்கள். அகஸ்தியம்பள்ளி தாண்டிக் கோடிக்கரை போகிற சாலைக்கு மேற்கே உப்பளங்களும் சதுப்பும் விரிந்து கிடக்கும். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை மேல் நேராக வெளிச்சம் விழும். பவளக்காலியின் ஆரஞ்சுச் சிவப்புக் கால் பளிச்சென்று தெரிவது அப்போதுதான். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல். (1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் அகஸ்தியம்பள்ளி. அங்கே உள்ள நினைவுத்தூணையும் பையனுக்குக் காட்டிவிடலாம்.)

கடற்கரைக்கு ஒன்பது மணிக்குமேல் போனால் போதும். ஆலாக்களும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் மீன் இறக்கும் இடத்தைச் சுற்றியே இருக்கும். காட்டுக்குள் வெளிமான் பார்ப்பது தனிக்கதை. வண்டியை விட்டு இறங்கி அதன் பின்னால் ஓடாமல் இருந்தால் சரி.

பூநாரை பறப்பதைப் படம் எடுக்கக் கை தட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேய்கிற கூட்டம் தலையைத் தூக்கி ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நாம் கிட்டே போய்விட்டோம் என்று பொருள். அங்கேயே நிற்க வேண்டும். ஒரு பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் சின்ன உள்ளான்கள் தாமாகவே நம் பக்கம் மேய்ந்து வரும். அதனால் அப்பச்சிக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். மூன்று பேரில் அதிகம் பார்க்கப்போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பைனாகுலருக்கு 8x42 என்று கேட்டு வாங்குங்கள். எட்டு என்பது உருப்பெருக்கம், 42 முன் கண்ணாடியின் மில்லிமீட்டர் அளவு. கடைக்காரர் 10x, 20x என்று தள்ளிவிடப் பார்ப்பார். பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பார்க்கும் வட்டமும் சுருங்கும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒரு 20x. இரண்டு வருடம் அதில் பறவையைவிட வானத்தைத்தான் அதிகம் தேடினேன். பையனுக்கு 42 கனமாக இருந்தால் 8x32 போதும். இரண்டு குழல்களையும் மடக்கிப் பார்த்து, அவன் கண்களுக்கு ஒரே வட்டமாகத் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

வாங்கியதும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வலது முன் கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதற்கப்புறம் நடுச்சக்கரம் மட்டும்தான் வேலை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் "எனக்கு ஒன்றும் தெரியலைப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிற பெரியவர்கள் நிறையப் பேர்.

டிசம்பர் விடுமுறையை வீணாக்க வேண்டியதில்லை. திருப்பத்தூர் தாண்டினால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் மரத்துக்கு மரம் கூடு கட்டியிருக்கும். கோடிக்கரையைக் கெடுக்கிற அதே தண்ணீர் இங்கே வரம். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பைனாகுலரைக் கையாளப் பையனுக்கு அங்கே நல்ல பயிற்சி. பறவைகள் பெரியவை, கிட்டத்தில் இருப்பவை, கூட்டை விட்டு அதிகம் நகராதவை.

கோடிக்கரைக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவீர்கள் என்றால் டப்பாவை வண்டிக்குள்ளேயே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அங்கே குரங்குகள் அதிகம்.