இரண்டு செவிவழிக் கதைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் குடும்பத்தோடு வர்ஜீனியா போனபோது மான்டிசெல்லோவைப் பார்த்தோம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் தானே வரைந்து கட்டிய வீடு, கூடத்துப் பெரிய கடிகாரம், புத்தகங்கள், எல்லாமே அழகு. ஆனால் வழிகாட்டி பாதி நேரம் அங்கே இருந்த அடிமைக் குடும்பங்களைப் பற்றியே பேசினார். அதிலும் நிறைய, பேரன் பேத்திகள் வழிவழியாகச் சொல்லி வந்தவை. ஜெஃபர்சனுக்கு அவர் கைப்பட எழுதியது இருக்கிறது. இவர்களுக்கு இருப்பது செவிவழிக் கதைதானே? இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியாயமான சந்தேகம்தான். ஆனால் மான்டிசெல்லோவில் செவிவழிக் கதை சொன்னவர்கள் அடிமைகள் மட்டும் அல்ல.

சாலி ஹெமிங்ஸ் ஜெஃபர்சனின் அடிமை. சாலியின் மகன் மேடிசன், தன் அப்பா ஜெஃபர்சன்தான் என்று 1873இல் ஒஹையோ பத்திரிகை ஒன்றில் சொன்னார். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் வேறு கதை சொன்னார்கள்: சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் தாத்தா இல்லை, தாத்தாவின் தங்கை மகன்தான் என்று. இதற்கும் வாய்வார்த்தையைத் தவிர ஆதாரம் இல்லை. இருந்தும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் பேரப்பிள்ளைகள் சொன்னதைச் சாட்சியமாகவும் மேடிசன் சொன்னதை வதந்தியாகவும் எடுத்துக்கொண்டார்கள். 1998இல் மேடிசனின் தம்பி எஸ்டனின் வாரிசு ஒருவருக்கு மரபணுச் சோதனை நடந்தது. ஜெஃபர்சன் வம்சத்தோடு பொருந்தியது, தங்கை மகன்களின் வம்சத்தோடு பொருந்தவில்லை. மரபணு வம்சத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது, சரி. ஆனால் ஜெஃபர்சன் ஊரில் இருந்த நாட்கள் சாலி கருவுற்ற காலங்களோடு ஒத்துப்போகின்றன. மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளையே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2000இல் மேடிசன் பக்கம் வந்தது.

இனி, கைப்பட எழுதியவை. ஜெஃபர்சன் கணக்கில் கறார். யாருக்கு எத்தனை மீன், எந்த வருஷம் கம்பளி என்று பெயர் பெயராக எழுதி வைத்தார். அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது, அது உண்மை. ஆனால் அவர் பேனாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1806இல் அவருடைய அடிமையான கொல்லர் ஜோசப் ஃபாசெட் திடீரென்று காணாமல் போனார். யாரும் அவனை ஒரு அடிகூட அடித்ததில்லையே என்று ஜெஃபர்சன் கடிதத்தில் ஆச்சரியப்படுகிறார். அப்புறம் அவரே யூகிக்கிறார்: வாஷிங்டனில் ஜனாதிபதி மாளிகைச் சமையலறையில் இருக்கும் எடித்தைத் தேடிப் போயிருக்கலாம், முன்பு அவளோடு தொடர்பு உண்டு என்று. 'தொடர்பு'! அது புருஷன் பெண்டாட்டி. அடிமைகளின் கல்யாணத்துக்கு அந்த ஊர்ச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதால் கடிதத்திலும் அந்த வார்த்தை விழவில்லை. ஜோசப் அங்கேதான் பிடிபட்டார்.

1826இல் ஜெஃபர்சன் இறக்கும்போது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் விடுதலை ஐந்து பேருக்கு. ஜோசப் அதில் ஒருவர். எடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. 1827 ஜனவரியில் 130 பேரை ஏலம் விடுவதாக விளம்பரம் வந்தது, அவர்களும் அதில் போனார்கள். ஜோசப் பட்டறையில் உழைத்து எடித்தையும் சில பிள்ளைகளையும் மீட்டார். ஏலத்தின்போது 11 வயதான மகன் பீட்டரை வாங்கியவர் திருப்பி விற்க மறுத்துவிட்டார். இரண்டு முறை தப்பி ஓடிப் பிடிபட்ட பீட்டருக்கு 1850 வாக்கில்தான் விடுதலை. பிறகு சின்சினாட்டியில் விருந்துச் சமையல் தொழில் செய்தார், பாப்டிஸ்ட் சபைப் போதகரும் ஆனார். 1898இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் தன் கதையைச் சொன்னார். அடிமை என்றே தெரியாமல் வளர்ந்த பையன் ஒருநாள் ஏல மேடையில் நின்றது எப்படி இருந்தது என்பது ஜெஃபர்சனின் எந்தக் கணக்கிலும் வராது.

1993 முதல் மான்டிசெல்லோ இந்தக் குடும்பங்களின் வாரிசுகளைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்துவருகிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பேசியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்குப் புத்தகத்தையும் இவர்கள் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை போனால் தெற்கு மேல்தளத்துக்கு அடியில் இருக்கும் சமையலறைக்கு இறங்கிப் பாருங்கள். எட்டு வாய் வைத்த அடுப்பு ஒன்று இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து 1809இல் திரும்பிய எடித் சமைத்த இடம் அது.