பங்குனியிலேயே இளகும் தார் ரோடு: வாசகர் கேள்வி-பதில்

அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் காரைக்குடியில் பஸ் நிற்கும் இடத்தில் தார் இளகிச் செருப்பு ஒட்டுகிறது. ரோடு மட்டமா?

பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தார் ஐஸ்கட்டி மாதிரி ஒரே சூட்டில் உருகிவிடாது. வெயில் ஏற ஏற இளகிக்கொண்டே போகும். பரவலாகப் போடும் விஜி-30 ரகத் தார், சோதனையில் குறைந்தது 47 டிகிரி வரையாவது ரொம்ப இளகிவிடாமல் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வெளியே 40 டிகிரி வெயில் என்றால் கறுப்பு ரோட்டின் மேல்பரப்பு 60-ஐத் தொடும். அப்படியும் எல்லா ரோடும் குழைவதில்லை. ஏனென்றால் பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு ஜல்லிகளின் பிடிப்புக்குத்தான். தார் அவற்றை ஒட்டிவைக்கிறது. கலவையில் தார் கூடிப்போனால், சக்கரம் அமுக்க அமுக்க அது மேலே கசியும்.

ரோடு நெடுகப் பளபளவென்று கறுத்திருந்தால் கலவையைச் சந்தேகப்படுங்கள். பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் சக்கரத் தடம் பள்ளமாகி ஓரம் புடைத்திருந்தால், நின்ற பாரம்தான் முக்கியக் காரணம். ஓடுகிற பஸ் நொடியில் கடந்துவிடும். நிற்கிற பஸ் ஒரே இடத்தை அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்கு மட்டுமாவது கான்கிரீட் போடச் சொல்லி மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். கேட்க வேண்டிய விஷயம் இது.

கசியும் தார்மேல் தண்ணீர் ஊற்றலாமா?

கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். அதற்குப் பதில், கல் உடைக்கும் கிரஷரில் கிடைக்கும் தூளை உச்சி வெயிலில் தூவ வேண்டும். தார் சூடாக இருந்தால்தான் பிடிக்கும். மேலே இன்னொரு கோட் தார் பூசவே கூடாது. சாயங்காலம் கோடை மழை பெய்தால் அந்த இடம் வழுக்கும், பைக்கில் போகிறவர்கள் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள்.

குன்றக்குடி முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்துவருகிறோம். பாதம் கொப்பளிக்கிறது.

விடியுமுன் கிளம்பி, பத்து மணிக்குள் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். மண் ஓரமாக நடங்கள். தாரைவிடச் சூடு குறைவு. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் தயவுசெய்து செருப்பு போடுங்கள். சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தார் ஒட்டினால் பிய்க்க வேண்டாம். முதலில் தண்ணீரில் ஆறவிட்டு, அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள்.

வெயிலுக்கு டயரில் காற்றைக் குறைக்கலாமா?

வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் அதிகம் நசுங்கி இன்னும் சூடாகும். காலையில் வண்டி எடுக்குமுன் அளவு பாருங்கள்.