உறவினர் கொலையில் குடும்பத்தினரே எதிரிகளாக நிற்கும்போது: விசாரணை குறித்த கேள்வி பதில்

உறவினர் ஒருவரைக் கொன்றதாக அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மீது வழக்கு நடந்து, அவர்கள் எதிரிகளாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களாக, நிற்கும்போது எழும் ஐயங்களை உறுப்பினர்கள் பலர் அனுப்பியிருந்தீர்கள். அமர்வு நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் இயன்ற வரை பதில் தந்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் தண்டனை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம் ஆகியவற்றுக்கான புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், அந்தத் தேதிக்கு முன்பு நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், தேவையான இடங்களில் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் சேர்த்தே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: இரவில் வீட்டுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். காலையில் ஐந்தாமவர் கொலையுண்டு கிடக்கிறார். இப்படிப்பட்ட வழக்கில் தாங்கள் நிரபராதிகள் என்பதை அந்த நால்வரும்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் பல வழக்குகள் மேல்முறையீட்டில் சரிகின்றன. ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்த செய்தியை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. புதிய சட்டத்தில் அது 109-ஆம் பிரிவு. 1956-இல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு அப்போதே எல்லை வகுத்துவிட்டது. கொலை செய்தாரா இல்லையா என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கே நன்றாகத் தெரியும் என்று சொல்லி இந்தப் பிரிவைப் பயன்படுத்தத் தொடங்கினால், எல்லாக் கொலை வழக்கிலும் நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுந்துவிடும், அது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னர் 2006-இல், மகாராஷ்டிரத்தில் கணவன் வீட்டில் மனைவி கொல்லப்பட்ட வழக்கில், நான்கு சுவர்களுக்குள் மறைவாக நடந்த கொலைக்கு வெளியில் நடந்த கொலையைப் போன்ற அளவு சாட்சியத்தை அரசுத் தரப்பிடம் எதிர்பார்க்க முடியாது என்றும், வீட்டில் இருந்தவர்கள் நம்பத்தகுந்த விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள் என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சட்டம் விளங்கும். அந்த நேரத்தில் இவர்கள் வீட்டில் இருந்தார்கள், வெளியாள் வர வாய்ப்பில்லை என்ற அடித்தளத்தை முதலில் அரசுத் தரப்பு போட வேண்டும். அதன் பிறகே விளக்கம் கேட்கும் உரிமை பிறக்கிறது. 2008-இல் நொய்டாவில் நடந்த ஆருஷி கொலை வழக்கில் பெற்றோருக்கு 2013-இல் ஆயுள் தண்டனை விதித்த காஜியாபாத் நீதிமன்றத்தின் தீர்ப்பை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் ரத்து செய்ததற்கு, வேறு யாரும் அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்க முடியாது என்பதை அரசுத் தரப்பு நிறுவவில்லை என்பது முக்கியக் காரணம். மக்கள் மனத்தில் இருந்த ஐயம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அது அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

கேள்வி: சொத்துத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். கொலைக்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

தகராறு என்பது நோக்கத்தைக் காட்டும், செயலைக் காட்டாது. நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால் நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டாலும் வழக்கு நிற்கும். நேரடிச் சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பி நடக்கும் வழக்கில் நோக்கம் ஒரு முக்கியக் கண்ணியாகிறது, ஆயினும் அது ஒரு கண்ணி மட்டுமே. புணேயில் இளம் மனைவி ஒருவர் இறந்துபோன வழக்கில், விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கணவருக்கு மரண தண்டனையே சரி என்று கருதிய பிறகு, உச்ச நீதிமன்றம் 1984-இல் அவரை விடுவித்தது. சரத் சார்தா வழக்கு என்று இன்றும் அன்றாடம் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு, சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், அவை அனைத்தும் குற்றம் சாட்டப்பட்டவரின் குற்றத்தை மட்டுமே சுட்ட வேண்டும், வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் தரக்கூடாது என்ற அளவுகோலை வகுத்தது. 'செய்திருக்கலாம்' என்பதற்கும் 'செய்தே இருக்க வேண்டும்' என்பதற்கும் இடையிலான தூரத்தை ஊகத்தால் கடக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. குடும்ப வழக்குகளில் பழைய பகை கேட்டுக் கேட்டுப் பழகிவிடுவதால், அந்தத் தூரம் இருப்பதே பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: கணவருக்கு எதிராக மனைவி சாட்சி சொல்ல முடியாது என்று கேள்விப்பட்டேன். மாமனாரைக் கணவர் கொன்றதை மனைவியே பார்த்திருந்தால்?

தாராளமாகச் சொல்லலாம். குற்றவியல் வழக்கில் கணவனோ மனைவியோ மற்றவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தகுதி உடையவரே. சட்டம் தடுப்பது வேறொன்றை: திருமண உறவு இருந்த காலத்தில் ஒருவர் மற்றவரிடம் தெரிவித்த செய்தியை, தெரிவித்தவரின் இசைவின்றி நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது (பழைய சாட்சியச் சட்டத்தில் 122-ஆம் பிரிவு, புதியதில் 128). ஆகவே, இரத்தக் கறை படிந்த சட்டையோடு கணவர் உள்ளே வந்ததையும் நள்ளிரவில் குளித்ததையும் மனைவி சொல்லலாம். "நான்தான் முடித்துவிட்டேன்" என்று அவர் மனைவியிடம் கூறியதைச் சாட்சியமாக ஏற்க முடியாது. 1954-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் நடத்தையையும் பேச்சையும் இப்படிப் பிரித்துக் காட்டியது. தாக்குதலுக்கு உள்ளானவர் மனைவியே என்றால் இந்தத் தடையும் விலகிவிடும்.

கேள்வி: சாட்சிகள் எல்லோரும் சொந்தக்காரர்கள். அவர்கள் சொல்வதை நீதிமன்றம் எப்படி நம்பும்?

உறவு என்ற ஒரே காரணத்துக்காக எந்தச் சாட்சியத்தையும் ஒதுக்க முடியாது. நெருங்கிய உறவினர் உண்மையான கொலையாளியைத் தப்பவிட்டு நிரபராதியைச் சிக்க வைப்பது அரிது என்ற அனுபவ நியாயத்தை 1953-இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, பகை இருந்தால் குற்றவாளியோடு நிரபராதியையும் சேர்த்து இழுக்கும் போக்கு உண்டு என்றும் எச்சரித்தது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே குடும்பம் என்றால் சாட்சியும் இரு பக்கத்துக்கும் உறவாகவே இருப்பார் என்பதால், அந்த இரண்டாவது வரிக்குக் கூடுதல் கனம் உண்டு என்பது என் கருத்து.

ஆயினும் சாட்சி நேர்மையானவர் என்பதால் மட்டும் எல்லாக் குற்றச்சாட்டும் நிரூபணமாகிவிடாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையில், தாக்குதலில் காயமடைந்து உயிர் பிழைத்த இளம்பெண் தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி கூறினார். திருப்பூர் அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பரில் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்து, தாயை விடுவித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை 25 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. வெட்டியவர்களைக் கண்டவர் உண்டு. திட்டமிட்ட பேச்சைக் கேட்டவர் பெரும்பாலும் இருப்பதில்லை. சதிக் குற்றச்சாட்டில் தொலைபேசிப் பதிவு, பணப் பரிமாற்றம், சந்திப்பு ஆகியவற்றைத் தேதி வாரியாகக் கோக்கும் புலனாய்வே வழக்கின் உயிர்.

கேள்வி: அம்மாவை அப்பா கொன்றதை ஏழு வயதுக் குழந்தை பார்த்தது. அதன் சொல் செல்லுமா?

செல்லும். சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று எதையும் சட்டம் வைக்கவில்லை. கேள்வி புரிகிறதா, அறிவுக்கு ஒத்த பதில் தர முடிகிறதா என்று நீதிபதி முதலில் சில கேள்விகளால் சோதித்துப் பார்ப்பார். மத்தியப் பிரதேசத்தில் தாயைத் தந்தை கொன்ற வழக்கில், சிறுமியின் சாட்சியத்தை நம்பாமல் உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யாரேனும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பதே நீதிமன்றம் அதிகம் கவலைப்படும் கேள்வி. சம்பவத்துக்குப் பிறகு குழந்தை யார் வீட்டில் வளர்கிறது என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பார். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

கேள்வி: "நான் ஒருவனே செய்தேன், என் மகனுக்குச் சம்பந்தமில்லை" என்று தந்தை காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் மகன் தப்பிவிடுவாரா?

காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைத் தந்தைக்கு எதிராகவே நிரூபிக்க முடியாது. அதன் வழியாக ஓர் ஆயுதமோ உடலோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். நீதித்துறை நடுவர் முன் தன்விருப்பத்துடன் தரும் வாக்குமூலத்துக்கு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164-ஆம் பிரிவு, புதியதில் 183) மதிப்பு உண்டு. ஆனால் அதுவும் மகனைக் காப்பாற்றும் கேடயமாகிவிடாது. மகன் சம்பவ இடத்தில் நின்றார், ஆயுதம் எடுத்துக் கொடுத்தார் என்று வேறு சாட்சியம் இருந்தால், பொதுவான எண்ணத்தோடு செயல்பட்டவர் என்ற முறையில் அவரும் கொலைக்கே பொறுப்பாவார். மாறாக, வெறுமனே அங்கே இருந்தார் என்பது மட்டும் ஒருவரைக் கொலையாளியாக்காது. குடும்ப வழக்கில் வீட்டில் இருந்த அனைவரையும் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக அடுக்குவது புலனாய்வுக்கு எளிது. ஒவ்வொருவரும் தனித்தனியே என்ன செய்தார் என்பதை நீதிமன்றம் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: மகன் செய்த கொலையைத் தாய் மறைத்தார், தரையைக் கழுவினார். தாய்ப்பாசத்துக்குச் சட்டத்தில் இடமில்லையா?

இல்லை. கொலை நடந்தது தெரிந்தும், குற்றவாளியைக் காக்கும் எண்ணத்துடன் தடயத்தை அழித்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு (பழைய தண்டனைச் சட்டத்தில் 201-ஆம் பிரிவு, புதியதில் 238). குற்றவாளிக்குப் புகலிடம் தருவது வேறு குற்றம். அதில் சட்டம் விலக்கு அளித்திருப்பது கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கிடையாது. இந்த வேறுபாடு எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது, ஆனால் புதிய சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஒன்று மட்டும் உறுதி: தடயத்தை அழித்தது நிரூபணமானாலும், அதிலிருந்து தாய் கொலையில் பங்கெடுத்தார் என்று தாவிச் செல்ல முடியாது.

கேள்வி: இரு தரப்பும் ஒரே குடும்பம். சமரசமாகப் போய்விட்டால் வழக்கை முடித்துவிடலாமா?

முடியாது. கொலை சமரசத்துக்கு உரிய குற்றமன்று. அது அரசின் வழக்கு. நடைமுறையில் சமரசம் வேறு உருவத்தில் வருகிறது: சாட்சிகள் கூண்டில் ஏறி எதுவும் தெரியாது என்கிறார்கள். பிறழ் சாட்சியாக அறிவிக்கப்பட்டவரின் வாக்குமூலம் முழுவதும் அழிந்துவிடுவதில்லை. நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அச்சுறுத்தல் காரணமாகப் பின்வாங்கும் நிலை என்றால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்பளித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் மனு கொடுக்கலாம்.

கேள்வி: கைதான எங்கள் குடும்பத்தினர் மூவருக்கும் ஒரே வழக்கறிஞரை அமர்த்தலாம் என்றிருக்கிறோம். சரியா?

மூவரின் நிலைப்பாடும் ஒன்றே என்றால் தடையில்லை. ஆனால் "நான் வீட்டிலேயே இல்லை" என்று ஒருவரும் "அவர்தான் செய்தார்" என்று இன்னொருவரும் சொல்லும் நிலை வந்துவிட்டால், ஒருவருக்காகக் கேட்கும் குறுக்கு விசாரணைக் கேள்வி மற்றவரைச் சிறைக்கு அனுப்பும். குடும்ப ஒற்றுமையைக் காட்ட எண்ணி இதைச் செய்பவர்கள் அதிகம். தனித்தனி வழக்கறிஞர் வைப்பதே நலம். பணம் தடையாக இருந்தால், காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

கேள்வி: ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது?

விருத்தாசலம் அருகே 2003-இல் காதல் திருமணம் செய்த இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021-இல். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். பெண்ணின் தந்தையும் அண்ணனும் தண்டிக்கப்பட்ட அதே வழக்கில் காவல் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள் என்பதிலிருந்தே காலதாமதத்தின் ஒரு காரணம் விளங்கும். உறவினரே எதிரியாக இருக்கும்போது புகார் கொடுக்க ஆளில்லை. தொடக்க நாட்களில் திரட்டப்படாத சாட்சியத்தைப் பின்னர் எந்த அமைப்பாலும் முழுமையாக மீட்க முடிவதில்லை.

கேள்வி: எதிரிகள் விடுதலையானால், கொல்லப்பட்டவருக்காக மேல்முறையீடு செய்வது யார்? சொத்து யாருக்குப் போகும்?

அரசு மேல்முறையீடு செய்யலாம். 2009 திருத்தத்துக்குப் பிறகு, இழப்புக்குள்ளானவர் என்ற முறையில் சட்டப்படியான வாரிசும் விடுதலைத் தீர்ப்பை எதிர்க்கலாம். அதற்கு நீதிமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எதிரிகளைத் தவிர எஞ்சியிருக்கும் வாரிசு, அது மணமாகிச் சென்ற மகளாக இருந்தாலும், இதைச் செய்ய முடியும்.

சொத்தைப் பொறுத்தவரை, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கொலை செய்தவரையும் அதற்கு உடந்தையாக இருந்தவரையும், கொல்லப்பட்டவரின் சொத்தில் வாரிசாவதிலிருந்து விலக்குகிறது; அவர் முன்பே இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்து மற்றவர்களுக்குச் செல்லும். தமிழ்நாட்டில், தந்தையைக் கொன்ற மகனின் மனைவி அந்தச் சொத்தைக் கோரியபோது, கணவன் வழியாக வரும் உரிமையே அற்றுப்போன நிலையில் மனைவிக்கும் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் கூறிவிட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பத்திரம் மாற்றிவிடக் கூடும் என்ற அச்சம் இருந்தால், குற்றவியல் தீர்ப்புக்காகக் காத்திராமல் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, இடைக்காலத் தடை உத்தரவு கேளுங்கள்.