கேள்வி–பதில்: சட்டமும் அரசியலும்

கேள்வி: ஐயா, 19ஆம் நூற்றாண்டில்தான் சர்வதேசச் சட்டத்தை அரசியலிலிருந்து பிரித்தார்கள் என்று விரிவுரையில் சொன்னார்கள். ஏன் பிரித்தார்கள்? உண்மையிலேயே பிரிந்ததா?
– சட்ட மாணவி, மாங்குளம்

பதில்: பிள்ளை, முதலில் ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜோன் ஒஸ்ரினைப் படியுங்கள். இறைமையாளரின் கட்டளைதான் சட்டம். நாடுகளுக்கு மேலே அப்படி ஒருவர் இல்லை. ஆகவே சர்வதேசச் சட்டம் வெறும் ஒழுக்கநெறி என்று 1832இல் எழுதினார். அதை மறுக்க வேண்டுமானால், இராசதந்திரிகளின் பேரத்துக்கு அப்பால் விதிகள் உண்டு என்று காட்ட வேண்டும். 1873இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் 11 அறிஞர்கள் சர்வதேசச் சட்ட நிறுவகத்தைத் தொடங்கினார்கள். எந்த அரசின் சார்பிலும் அவர்கள் அங்கே கூடவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றில் நடந்ததை விடாமல் படிக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட 'அலபாமா' கப்பல், வடக்கின் வணிகக் கப்பல்களை அழித்தது. நடுநிலை தவறிய பிரித்தானியா நட்டஈடு தர வேண்டும் என்றது அமெரிக்கா. போர் நீண்டதற்கும் சேர்த்துப் பணம் கேட்டது. அந்த மறைமுக நட்டங்களுக்குச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை என்று நடுவர்கள் ஒதுக்கினார்கள். மிச்சத்துக்கு 1 கோடியே 55 இலட்சம் டொலர் தீர்த்தார்கள், பிரித்தானியா கட்டியது. பிரித்ததால் கிடைத்த பலன் இது. இதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

சரி, ஆனால் அந்த நடுவர்கள் முன் யார் போய் நிற்கலாம்? 1880களில் ஸ்கொட்லாந்துச் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லோரிமர் மனிதகுலத்தையே நாகரிகமடைந்தோர், அரைநாகரிகர், காட்டுமிராண்டிகள் என்று மூன்றாக வகுத்தார். முழு உரிமை முதல் வகைக்கு மட்டும். இங்கே கிளிநொச்சியில் நான் காணி வழக்குப் பேசுகிறவன். அரசு கொடுத்த காணி அனுமதிப்பத்திரம் உண்டா என்று மன்று கேட்கும். ஒரு குடும்பத்துக்கு அது ஏன் கொடுக்கப்படவில்லை என்பது பெரும்பாலும் வழக்குக்குள் வராது. லோரிமரின் வகுப்பும் அப்படித்தான். அரசியல் முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது.

நம் மண்ணிலேயே பாருங்கள். 1802இல் அமியன் உடன்படிக்கையில் ஒல்லாந்தர் இலங்கையிலுள்ள தம் பகுதிகளைப் பிரித்தானியாவுக்குக் கொடுத்தார்கள். வன்னியின் குறுநிலத் தலைமைகளான வன்னிமைகளை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். கண்டிப் பிரதானிகளோடாவது 1815இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 1818 நவம்பர் 21இல் ஒரு பிரகடனத்தால் பிரித்தானியரே அதன் நிபந்தனைகளை மாற்றினார்கள். கண்டியர் முறையிட ஒரு ஜெனீவா இருக்கவில்லை.

1815 ஒப்பந்தத்தையும் 1818 பிரகடனத்தையும் அருகருகே வைத்து, வாசகம் வாசகமாக ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், வாசிக்க ஆசை.