பாடிப் பாடிக் களைத்த குரலுக்கு என்ன பயிற்சி?

நவராத்திரி ஒன்பது நாளும் பாடியபின் ஆறு கட்டை என்ற உயர்ந்த சுருதி எட்டவில்லை, நோவு இல்லை ஆனால் தொண்டை கனக்கிறது, பேசாமல் இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருநாள் பேசாமல் இருங்கள், நல்லது. ஆனால் அதோடு விட்டால் அடுத்த கச்சேரியிலும் இதேதான் நடக்கும்.

நான் திருகோணமலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கோணேசர் கோவில் மலையில் கடல்காற்றுக்குள் பாடினால் நம் குரல் நமக்கே கேட்காது, கேட்கவில்லை என்றதும் தொண்டையை இறுக்கிக்கொண்டு கத்தத் தொடங்கிவிடுவோம், களைப்பு அங்கேதான் பிடிக்கிறது. ஆறு கட்டையில் மேல் ஸட்ஜம் (மேல் 'ஸ') பிடித்தால் குரல்நாண்கள் செக்கனுக்கு 440 தரம் ஒன்றோடொன்று மோதுகின்றன, இறுக்கிப் பாடினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும்.

எனக்குக் கைகொடுத்தது ஸ்ட்ரோ பயிற்சி. ஒரு கிளாஸில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரோவின் நுனி இரண்டு சென்ரிமீற்றர் மூழ்கும்படி பிடித்து, உதட்டால் நன்றாக மூடிக்கொண்டு, சிரமமில்லாத ஒரு சுருதியில் 'ஊ' என்று இழுங்கள். குமிழி ஒரே சீராக 'குளு குளு' என்று வரவேண்டும். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை, தண்ணீர் வெளியே தெறித்தால் தள்ளுகிறீர்கள். இடையில் மூக்கைப் பொத்திப் பாருங்கள், சத்தம் மாறினால் காற்று மூக்கால் போகிறது. அப்புறம் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து (கீழ் 'ப') மேலே வழுக்கிப் போய் இறங்குங்கள், பழகியதும் பாட்டின் மெட்டையே வார்த்தை இல்லாமல் ஸ்ட்ரோவுக்குள் பாடுங்கள். வழி குறுகலாக இருப்பதால் காற்றின் அழுத்தம் திரும்பி வந்து குரல்நாண்களைத் தாங்கிக்கொள்கிறது, அவை மென்மையாக மோதியே அதிரும். இரண்டு மூன்று நிமிடம் போதும், நாளுக்கு நாலைந்து தரம், முக்கியமாகப் பாடி முடித்த கையோடு. (காகித ஸ்ட்ரோ சீக்கிரம் ஊறிப்போகும், ஸ்டீல் ஒன்று வாங்கி வையுங்கள்.)

குரலுக்கு ஓய்வு என்று நினைத்துக் குசுகுசுக்க வேண்டாம், பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். அடிக்கடி செருமுவதும் அப்படித்தான், செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள்.

மூன்று கிழமையாகியும் கரகரப்புப் போகவில்லை, அல்லது பாடும்போது நோகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் போய்க் குரல்நாணைக் கெமராவில் பார்க்கச் சொல்லுங்கள். பாடுகிற ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.